உன்னை ‘நீங்க’ என்றேன்

எய்யா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரத்தில், என் வகுப்பில் இருக்கிற முப்பது பேரும் இதைக் கேட்டு முடித்திருப்பார்கள். மகனுக்கு எழுதியதை ஊரைக் கூட்டி வாசித்துவிட்டு, அதற்கப்புறம் மகனிடம் கொடுக்கிற அம்மா எங்கேயாவது உண்டா என்று நீ கேட்கலாம். உன்னிடம் முதலில் காட்டியிருந்தால் இரண்டு வரி படித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு, விடு” என்று மடித்து வைத்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். விட்டுக்கொடுப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் இந்த ஒரு காரியத்தை உன்னைக் கேட்காமல் செய்கிறேன்.

முதல் பருவம் முடியப் போகிறது. பல்கலைக்கழகத்துக்கு வந்து பழகிய இந்த மாதங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வீட்டு நினைப்பில் அழுததைப் பற்றியும் எழுதுகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் எம்.ஏ. சமூகவியல் படிக்க வந்திருக்கிற நான் என்ன எழுதப்போகிறேன் என்று எல்லோருக்கும் ஒரே ஆவல். நானும் முதலில் ஒரு கட்டுரை எழுதினேன். படிப்புக்கு வயது ஒரு தடையில்லை, இளையவர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன் என்றெல்லாம் அழகு அழகாக வந்தது. எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரியில்கூட நீ இல்லை. எனக்கே கூசிப்போய், கிழித்துப் போட்டுவிட்டேன்.

என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியதே நீதானே. நான் தபால் வழியில் பி.ஏ. முடித்ததை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ மட்டும்தான், “எம்மா, ஒரு தடவ காலேஜ் வாசல மிதிச்சுப் பாரு. அடுப்படியில ஒக்காந்து படிச்சதோட முடிஞ்சிருமா?” என்று நச்சரித்தாய். உன் அப்பா அப்போதுதான் லாரியை நிறுத்திவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “இந்த வயசுல இவ பையத் தூக்கிட்டு பஸ் ஏறுனா நம்ம ஊரு மேலகரமே சிரிக்கும்லே” என்றார். “சிரிக்கவன் சிரிக்கட்டும். எங்கம்மா போவா” என்று நீ சொன்னாய். நான் சேர்ந்த நாள் முதல் காலையில் என்னை உன் பைக்கில் ஏற்றித் தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டியில் உட்கார வைத்துவிட்டுத்தான், நீ பழைய குற்றாலம் ரோட்டில் உன் பஜ்ஜிக் கடையைத் திறக்கப் போகிறாய்.

முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னதை உன்னிடம் சொல்லி, நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்கடுத்து நடந்ததை நான் சொல்லவில்லை. நான் டீச்சர் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பாடம் பாதி இங்கிலீஷில் போனது. எல்லோரும் தலையாட்டினால் நானும் ஆட்டினேன். அசைன்மென்ட் என்ன, எங்கே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸாப் குழுவில் வரும் என்றார்கள். அந்தக் குழுவில் என்னைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மதியம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய், வண்டிக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். சாயந்தரம் நீ வந்து, “எம்மா, காலேஜ் எப்படி?” என்று கேட்பாய். “ஜோரா இருக்கு” என்பேன்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் உன் ஞாபகம் வந்து, தூக்குச்சட்டியைப் பாதியிலேயே மூடினேன். நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து, தீபாவளி லீவுக்கு வந்தவன், இனிமேல் போகமாட்டேன் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாயே. என்ன காரணம் என்று நான் கேட்டதற்கு, “அங்கன யாரும் எங்கூடப் பேச மாட்டேங்காங்கம்மா” என்றாய். ஆண்பிள்ளை சொல்கிற காரணமா இது என்று நினைத்தேன். “நாலு பேரு மொகத்துல முழிக்க முடியாம ஆக்கிட்டியேலே” என்று உன்னைப் பிடித்துக் கத்தினேன். அடுப்படியிலும் கத்தினேன், பைப்படியிலும் கத்தினேன். என் வயதில், மாலையானால் வீடு திரும்பிவிடுகிற எனக்கே இப்படி இருக்கிறதென்றால், பதினேழு வயதில், ராத்திரியும் அங்கேயே கிடந்த உனக்கு எப்படி இருந்திருக்கும்? இது எனக்கு உறைக்க நானும் ஒரு கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது.

இவ்வளவும் புரிந்தவள் அதற்கப்புறம் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருக்கவில்லை. அதே வாரத்தில் ஹரிணி என்கிற திருச்சிப் பிள்ளை, பாவம் நல்ல பிள்ளை, நான் டீ குடிக்க ஒதுங்கிய கேண்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தது. என்னோடு பேச வேண்டும் என்று தானாக வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரே பையன் என்றேன். “என்ன பண்றாங்கக்கா? ஐ.டி.யா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “பெங்களூரா?” என்று அடுத்ததையும் அவளே கேட்டுவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு அப்புறம் எனக்கு அங்கே ஒரு இடம் கிடைத்தது. “அக்கா பையன் பெங்களூர்ல இருக்காங்க” என்று என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினாள். குழுவில் சேர்த்துவிட்டாள். மதியம் நான் பஸ் ஸ்டாப்புக்குப் போவது நின்றது. பெங்களூரில் இருக்கிற அந்தப் பையனைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கக் கேட்க, அவன் வளர்ந்துகொண்டே போனான். அங்கே குளிர் தாங்கவில்லையாம், சப்பாத்தி தின்று அலுத்துவிட்டதாம். சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவே இல்லை. உன்னோடு பைக்கில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய அதே காலையில், இல்லாத ஒரு மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் கள ஆய்வு என்று அறிவித்தார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கடை போடுகிறவர்களின் வாழ்க்கையைப் பற்றி நேரில் கேட்டு எழுத வேண்டும். வகுப்பே சந்தோஷத்தில் குதித்தது, அருவியில் குளிக்கலாமே என்று. “அக்காவுக்குச் சொந்த ஊர், அக்காதான் நமக்கு கைடு” என்று ஜெனிபர் என்கிற பிள்ளை சொன்னாள். ஐந்தருவிப் பக்கம் கடைகள் அதிகம், அங்கேயே முடித்துவிடலாம் என்று பேராசிரியையிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் எல்லா அருவிகளையும் பங்கு போட்டு, ஹரிணியும் நானும் இருந்த குழுவுக்குப் பழைய குற்றாலத்தையே கொடுத்தார். அன்றைக்கு மட்டும் கடை போடாதே என்று உன்னிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். எய்யா, சத்தியமாக யோசித்தேன். சொல்வதற்கு ஒரு காரணம் கிடைக்காததால்தான் சொல்லவில்லை.

வகுப்போடு குற்றாலம் வருகிறேன் என்று நான் அப்பாவிடம் சொல்லியிருந்ததை, நீயோ அவர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தாய். அதுவும் எனக்குத் தெரியாது. சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர் குடையோடு அந்த வளைவில் திரும்பினோம். நீ உன் மாமன் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாய். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் அந்தச் சட்டையை யாராவது போடுவார்களா? தார்ப்பாய்க்குக் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் முழுக்கச் சிரிப்பு. “எம்மா” என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டாய். எனக்கு அது தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தம்பி, நாலு பேருக்கு மொளகா பஜ்ஜி குடுங்க” என்றேன்.

நம் வீட்டில் யார் உன்னை ‘ங்க’ போட்டுப் பேசியிருக்கிறார்கள்? ஏலே என்பேன், எய்யா என்பேன். கோபம் தலைக்கேறினால் மட்டும், “வாங்க தொர, இப்பந்தான் விடிஞ்சுதோ?” என்று குத்துவேன். மற்றபடி அந்த மரியாதையை நான் ரோட்டில் போகிறவர்களுக்கும், பஸ் கண்டக்டருக்கும், முன்பின் தெரியாத கடைக்காரர்களுக்கும்தான் வைத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நீ என் பிள்ளையாகத்தான் இருந்திருப்பாய். மரியாதை கொடுத்து உன்னை வெளியாள் ஆக்கிவிட்டேன்.

நீ ஒரு நொடி என்னையே பார்த்தாய். அப்புறம் கரண்டியை எடுத்து, எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, “ஒக்காருங்கக்கா, இந்தா எடுத்துருதேன்” என்றாய். என்னை அக்கா என்றாய். நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று உனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. புரிந்ததும், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நீயும் அந்த நாடகத்தில் சேர்ந்துகொண்டாய். பஜ்ஜித் தட்டு வந்தது. என் தட்டில் மட்டும் ஓரம் முறுகலாக இருந்ததைப் பொறுக்கி வைத்திருந்தாய். “என்னண்ணா, அக்காவுக்கு மட்டும் ஸ்பெஷலா?” என்று ஹரிணி சிரித்தாள். “மூத்தவங்கல்லா” என்றாய்.

ஹரிணி அதற்கப்புறம் தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எத்தனை வருடமாகக் கடை, சீசன் இல்லாத நாளில் என்ன செய்கிறாய், படிப்பு என்ன என்று கேட்டாள். இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் வந்துட்டேன் என்றாய், எந்தச் சங்கடமும் இல்லாமல். நான் தலையைக் குனிந்து பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்ன செய்கிறார் என்றாள். லாரி ஓட்டுதாரு என்றாய்.

“அம்மா?”

“படிக்கா.”

“அம்மா படிக்கிறாங்களா! என்ன படிக்கிறாங்கண்ணா?”

“எம்.ஏ. பெரிய படிப்பு. இந்த வயசுல பஸ் ஏறிப் போய்ப் படிக்கா” என்றாய். அந்தப் பெருமையை உன்னால் அடக்க முடியவில்லை. அந்த நிலைமையிலும் முடியவில்லை.

ஹரிணி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “அக்கா, பாருங்களேன், அப்படியே உங்கள மாதிரி!” என்றாள். “எந்தக் காலேஜ்ணா?” என்று உன் பக்கம் திரும்பினாள். நீ என்னைப் பார்த்தாய். என்னைச் சொல்லவிட்டுக் காத்திருந்தாய். என் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் ஒரு நிமிடம் முழித்திருப்பார்கள், அப்புறம் சிரித்திருப்பார்கள், பஜ்ஜியும் ஆறியிருக்காது. நான் எழுந்து குடையை விரித்தேன். “போதும் ஹரிணி, அவருக்கு யாவாரம் கெடக்குல்லா” என்றேன். உன்னை அவர் என்றேன்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைச் சோப்பில் ஊறப் போட்டாய். எண்ணெய்க் கறை போகவில்லை. நான் தேய்க்கிறேன் என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாய். கோபம் காட்டவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாய். ஆனால் அன்றிலிருந்து நீ என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. “சாப்பாடு ஆச்சா?” “வண்டி வந்துட்டு.” “பாத்துப் போ.” எல்லாம் மொட்டையாக. சரி, வேலை அலுப்பு என்று முதலில் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உன் அப்பாவுக்கே ஒருநாள் உறைத்துவிட்டது. “அவன் ஏன் ஒங்கிட்ட மொட்டையா பேசுதான்?” என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டேன். நீ பழிவாங்குவதற்காகச் செய்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. அந்த வார்த்தை உன் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. அன்றைக்கு நான்தானே அதை வாயிலேயே நிறுத்தினேன்.

ஒருமுறை பேசிப் பார்த்தேன். நீ வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாய். “எய்யா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். “கூட்டத்துல அப்படித்தான் வரும். நானும் காலேஜுல நம்ம வீட்டப் பத்திப் பொய்தான் சொன்னேன். விடு” என்றாய். எனக்காக ஒரு சாக்கையும் நீயே தேடி வைத்திருந்தாய். பதினேழு வயதுப் பிள்ளை ஊர் தெரியாத இடத்தில் பயந்து சொன்னதும், உன்னைப் பெற்றவள் உன் கடை வாசலில் நின்று செய்ததும் ஒன்றாகுமா? நீ நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். நீ மன்னித்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு வெட்கம் இன்னும் கூடியது.

இப்படிப்பட்ட கடிதத்தில் அம்மாக்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனாலும் பெற்ற வாய் சும்மா இருக்காது, ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்தவர் கூனிக் குறுகுவதைப் பார்த்ததும் நடுவில் பாய்ந்து காப்பாற்றுகிறாய் பார், அந்தப் பழக்கத்தை விடு. கல்லூரியை விட்டு வந்தபோது உன் தரப்பை நீ பேசவே இல்லை, அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. அன்று கடையிலும் பேசவில்லை, அம்மாவுக்கு அவமானமாக இருக்கும் என்று. நீ இப்படிப் பொத்திப் பொத்திக் காத்ததில் நான் திருந்தாமலே இருந்துவிட்டேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடமும் இப்படி வாயை மூடிக்கொண்டு நல்லவனாக இருக்காதே. அவளுக்கும் அது நல்லதில்லை, உனக்கும் இல்லை.

ஹரிணி, ஜெனிபர், மற்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பெங்களூரில் எனக்கு மகன் கிடையாது. பழைய குற்றாலம் ரோட்டில், எங்கள் குழு நாலு பேரும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோமே, அந்தக் கடைக்காரர்தான் என் ஒரே பிள்ளை. நான் வகுப்புக்கு நேரத்தோடு வருவதும், செல்போனில் பாடத்தைத் திறந்து படிப்பதும் அவனால் வந்தவை. முதல் பருவத்தில் பழகிக்கொண்டது என்ன என்று கேட்டால், பொய்யோடு உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன் என்பதுதான் உண்மையான பதில். இதை வாசித்து முடித்ததும் நீங்கள் என்னோடு பேசாமல் போகலாம். போனால், நான் தூக்குச்சட்டியோடு பஸ் ஸ்டாப்புக்கே போய்க்கொள்வேன். ஆனால் படிப்பை விடமாட்டேன். அது என் மகன் எனக்குக் கொடுத்தது.

எய்யா, இனி உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வர ஆரம்பித்ததும், ஆய்வின் இரண்டாவது சுற்றுக்கு வகுப்பு மறுபடி குற்றாலம் வருகிறது. எங்கள் குழுவுக்கு அதே ரோடுதான். தாளில் எழுதி வகுப்புக்குள் வாசிப்பது சுலபம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். நான் உன்னை வெளியாள் ஆக்கியது ரோட்டில் வைத்து, நம்மைத் தெரிந்த பக்கத்துக் கடை அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது. அன்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. அதனால் அந்த நாள் நான் அவர்களோடு குடை பிடித்துக்கொண்டு வரப்போவதில்லை. காலையிலேயே உன் பைக்கில் உன்னோடு வந்து, கடைக்குள் நின்று மாவு கரைக்கிறேன். ஹரிணி வந்து நின்றதும் நீ எதுவும் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

என்னைக் கடைக்குள் விடுவதும் விடாததும் உன் இஷ்டம். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், இந்தத் தடவையாவது எனக்காகப் பார்க்காமல் வேண்டாம் என்றே சொல். நான் ரோட்டுப் பக்கம் நாலு பேரோடு நாலு பேராக நின்றுகொள்கிறேன். அங்கன நின்னே, அண்ணாச்சி கடைவரை கேட்கிற மாதிரி சொல்லுதேன்: “ஏட்டி ஹரிணி, இவன் எம் மவன்.”